ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்

சென்னை தரமணியிலுள்ள தமிழாய்வு நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த விளம்பரப் பலகை ஓவியர் ரோஜா முத்தையா தேடித்தேடிச் சேர்த்த நூல்களே இதன் அடித்தளம். 1992இல் அவர் மறைந்தபின் அச்சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆயினும் அது கடல் கடக்காமல், 1994இல் சென்னையிலேயே நூலகமாக நிலைபெற்றது தமிழாய்வின் நற்பேறு.

பழைய நூல்கள், இதழ்களோடு நாடக நோட்டீசுகள், சினிமா பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள்கூட இங்கு உண்டு. மற்றவர்கள் குப்பையென ஒதுக்கிய இத்தாள்களில்தான் அன்றாட வாழ்வின் வரலாறு பதிந்திருக்கிறது. நைந்த ஏடுகள் நுண்படச்சுருளாகவும் மின்வடிவிலும் காக்கப்படுகின்றன. பொதுமக்களுக்கான சொற்பொழிவுகளும் கண்காட்சிகளும் நடைபெறுகின்றன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் வழிகாட்டலில் தொடங்கிய சிந்துவெளி ஆய்வு மையமும் இங்கேயே இயங்குகிறது.