விழிப்புலனற்றோரும் கணினியின் பணிசெயல் முறைமைகளும்

1905ஆம் ஆண்டளவில் கொண்டச்சிக் குடாவை அண்டிய கரையில் முத்துக்குளித்தோர், தாம் மூச்சடக்கி எடுத்த சிப்பியில் மூன்றிலிரு பங்கை ஆங்கில அரசுக்கு அளித்தனர். உழைப்போனுக்கும் உழைப்புச் சாதனத்திற்கும் உள்ள உறவு எத்தகையது என்னும் பழைய வினாவை அக்கரையிலிருந்து கணினிபற்றியும் எழுப்பலாம்.

டொஸ் காலத்துத் திரையில் பெரும்பாலும் எழுத்தே இருந்தது. அதனைக் குரலாக்குதல் எளிது. 1990களில் விண்டோஸ் பரவிப் படக்குறியும் சுட்டியும் ஆட்சிபெற்றபோது, விழிப்புலனற்றோர் அரிதின் ஈட்டிய தொழில்வாய்ப்பே ஆட்டங்கண்டது. மைக்ரோசொப்ற் இக்குறையை நீக்கும் பணியைப் பெரிதும் சந்தையிடம் விட்டது. 1995இல் விண்டோசுக்கு வந்த ஜோஸ் என்னும் திரைவாசிப்பான் திறமானதே. ஆயின் அதன் விலை கணினியின் விலையோடு போட்டியிட்டது. அப்பிள் 2005இல் வொய்ஸ்ஓவரை முறைமையினுள்ளேயே அமைத்தது. அதற்குத் தனிவிலை இல்லை. பொறியின் விலையோ எளியோர்க்கு எட்டாதது. லினக்ஸின் ஓர்க்கா இலவசம். எனினும் அலுவலகங்களில் கோலோச்சியது விண்டோசே. இம்முரண்பாட்டினூடாகவே 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்னும் விழிப்புலனற்ற இளைஞர், விண்டோசில் இயங்கும் என்விடிஏவைத் தொடங்கினார். இதனைக் கருணையின் வரலாறாக எழுதுவோரோடு நாம் உடன்படோம். பயன்படுத்துவோரே உற்பத்தியாளராயினர் என்பதே மனங்கொள்ளத்தக்கது. அதனோடு இணைந்த ஈஸ்பீக் தமிழும் பேசுகிறது. குரல் கரகரப்பாயினும் காசு கேட்பதில்லை.

ஆயினும் கொண்டச்சி மாணவர் ஒருவருக்குப் பாமினி எழுத்துருவில் தட்டச்சான பாடக்குறிப்புக் கிடைக்குமாயின் இக்கருவி யாவும் பயனற்றனவே. அதிலே ‘தமிழ்’ என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிந்துள்ளது. கண் அதைத் தமிழாகக் காண்கிறது. திரைவாசிப்பானோ பதிந்ததையே படிக்கிறது.