மேசையா, வீடா?

கணினியைப் போட்டதும் முன்னால் விரிகிறதே டெஸ்க்டாப், அது ஓர் ஆபீஸ் மேசை. உள்ளே நம் பெயரில் இருக்கிற ஹோம் ஃபோல்டர், வீடு. இந்த இரண்டும் கொஞ்ச காலம் ஒன்றாக இருந்த கதை இது.

வீடுதான் மூத்தது. 1969-ல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸில் ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு ஃபோல்டர், அதுதான் ஹோம். மேசை பிறகு வந்தது. 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் ஆபீஸ்களுக்காகவே செய்யப்பட்ட கணினி. காகிதம், ஃபைல், மேசை எல்லாம் அதன் திரையில் படமாயின. 1984-ல் மெக்கின்டாஷும் 1995-ல் விண்டோஸ் 95-ம் வந்தபின், அந்த ஆபீஸ் மேசை வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது.

வங்கிக்காரனுக்கு மேசை புரியும். சாயங்காலம் லெட்ஜர்களைப் பூட்டி வைத்து, மேசையைக் காலி செய்துவிட்டுத்தான் கிளம்புவோம். வீட்டில் யார் அப்படிச் செய்கிறார்கள்? பிள்ளைகளின் மார்க் ஷீட், பாட்டியின் போட்டோ எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் கிடக்கும். விண்டோஸில் அது வழக்கமாக சி டிரைவுக்குள் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ரிப்பேருக்கு வந்தவர் டி டிரைவை விட்டுவிட்டு சி-யை ஃபார்மட் செய்தால், அத்தனையும் போச்சு!

லினக்ஸின் க்னோம் 2 இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. அதன் ஃபைல் மேனேஜரான நாட்டிலஸின் அமைப்பில் ஒரே ஒரு டிக். உடனே ஹோம் ஃபோல்டரே டெஸ்க்டாப்பாக விரியும். திரையில் தெரிவதும் வட்டில் இருப்பதும் ஒன்று. பேக்கப் எடுக்க ஒரே ஃபோல்டர். இங்கே கரியாஹாட் நடைபாதைக் கடைகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: சரக்கு கண்முன்னே தொங்கும், கடைக்காரர் உள்ளே போய்த் தேடுவதில்லை. ஆனால் போகிற வருகிறவர் கண்ணிலும் எல்லாம் படும். ஹோமை டெஸ்க்டாப் ஆக்கினாலும் அதே தொல்லைதான்.

2018-ல் வந்த நாட்டிலஸ் 3.28, டெஸ்க்டாப் ஐகான்களையே கைவிட்டது. க்னோம் 2-ன் வாரிசான மேட்டில், காஜா என்ற ஃபைல் மேனேஜரில் அந்த வசதி தொடர்ந்தது.

மேசை ஆபீஸுக்கு ஏற்பட்டது. குடும்பத்துக்கு வேண்டியது வீடு. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுடன் அடுத்த முறை போனில் பேசும்போது, பத்திரமும் போட்டோவும் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று கேட்டு வையுங்கள். "ஸ்க்ரீன்லதான் இருக்கு" என்று பதில் வந்தால், உடனே ஒரு காப்பி எடுக்கச் சொல்லுங்கள்.