விடை வராத வினா

கணக்குப் போட்டிகளுக்குப் பயிலும் மாணவர் பலர், வினாவைப் படித்து முடிக்கும் முன்னரே விடைப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். அவர்களுக்குச் சொல்வதற்கென்றே நம் சென்னையின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு என்று நான் கருதுகிறேன்.

1907-ஆம் ஆண்டில் வி. இராமசாமி ஐயர் என்னும் அரசாங்க அதிகாரியின் முயற்சியால் இந்தியக் கணிதக் கழகம் தோன்றியது. அக்கழகம் நடத்திய இதழில் வினாப் பகுதி ஒன்று இருந்தது. ஒருவர் வினா விடுப்பார். மற்றவர்கள் விடை எழுதி அனுப்புவார்கள். பரிசும் இல்லை, கால வரையறையும் இல்லை. ஐரோப்பாவில் அங்கேரி நாட்டில் 1894-இலேயே உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென்று இத்தகைய இதழ் ஒன்று தொடங்கியிருந்தது.

1911-இல் அப்பகுதிக்கு ஓர் இளைஞர் வினா அனுப்பினார். எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், நிலையான வேலையும் இல்லாதவர். சீனிவாச இராமானுசன் என்பது அவர் பெயர். வினா இதுதான்:

√(1+2√(1+3√(1+4√(1+…)))) – இதன் மதிப்பு யாது?

புறத்தேயிருந்து எவரும் விடை அனுப்பவில்லை. பின்னர் அவரே விடையை வெளியிட்டார். விடை 3.

வழியைப் பாருங்கள். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 2×4. அந்த 4, 16-இன் வர்க்கமூலம்; 16 என்பது 1 + 3×5. அந்த 5, 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4×6. இவ்வாறே முடிவின்றிச் செல்லலாம். ஓர் எண்ணின் வர்க்கம், அதற்கு முன்னெண்ணையும் பின்னெண்ணையும் பெருக்கி ஒன்று கூட்டியதற்குச் சமம் என்னும் எளிய விதியே இதன் அடிப்படை. முடிவில் எஞ்சும் பகுதி விடையை மாற்றாது என்று நிறுவுவது மட்டும் தனி வேலை. அதனை உயர் வகுப்பு மாணவர்கள் முயன்று பார்க்கலாம்.

தேர்வு கைவிட்ட ஒருவரை இந்த வினாப் பகுதி ஏற்றுக்கொண்டது. 1912 மார்ச்சில் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அவர் அவ்விதழுக்கு அனுப்பிய வினாக்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை.

அந்த மரபு நகரில் அற்றுப்போகவில்லை. 1965-இல் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் திருவல்லிக்கேணியிலிருந்து பள்ளி மாணவர்க்குத் திறன் தேர்வுகள் நடத்தலாயிற்று. 1989-இல் இந்திய மாணவர் முதன்முறையாக உலகக் கணித ஒலிம்பியாட்டில் கலந்துகொண்டனர். அதே ஆண்டில் தியாகராய நகரில் தோன்றிய கணிதப் பள்ளி, இன்று சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகமாக விளங்குகிறது.

போட்டியில் நேரம் பார்த்துத்தான் ஆகவேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியில் ஒரு கணக்கோடு ஒரு வாரம் வாழ்ந்தாலும் அது வீண் அன்று என்பேன். இராமானுசன் அதே வினாவில் இரண்டாம் பகுதி ஒன்றும் வைத்திருந்தார்:

√(6+2√(7+3√(8+…)))

இதன் விடையை நான் சொல்லப் போவதில்லை. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.