நீர்ச்சிற்றுயிர்ப் படக் கையேடு

குளம், வாய்க்கால், ஆறு ஆகியவற்றில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் முதுகெலும்பற்ற விலங்குகளை, திரையில் படங்களைத் தொட்டு இனங்காண உதவும் கருவி நீர்ச்சிற்றுயிர்ப் படக் கையேடு. பூச்சிகளின் இளம்பருவங்கள், நத்தை, அட்டை, கூனி இறால், மண்புழு இனத்துச் செம்புழுக்கள் ஆகியவை இதில் அடங்கும். அச்சுக் கையேட்டில் ஆசிரியர் போட்ட வரிசையில்தான் போக வேண்டும். இதிலோ கையில் உள்ள உயிரில் எது கண்ணில் படுகிறதோ அதிலிருந்தே தொடங்கலாம். நொய்யல் ஆற்றையும் அதற்குத் தெற்கே பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத்தை நம்பியிருக்கும் பொங்கலூர்ப் பகுதியையும் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: இனங்காணும் முறையை வெளியிலிருந்து கடன் வாங்கலாம், இனங்கண்ட பிறகு தண்ணீரைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பைக் கடன் வாங்கக் கூடாது.

ஒரு கேள்விக்கு இரண்டு விடை, ஒவ்வொரு விடையும் அடுத்த கேள்விக்கு வழி என்னும் கவட்டைத் திறவுகோலைப் பரவச் செய்தவர் லமார்க். பிரான்சின் தாவரங்கள் குறித்து 1778இல் வந்த நூலில் அதைக் கையாண்டார். பரிணாமக் கருத்துக்காகவே அவரை நினைக்கிறோம். அந்தக் கருத்தைவிட இந்தத் திறவுகோல்தான் பழுதில்லாமல் நிலைத்தது. இந்தியாவில் நெல்சன் அனன்டேல் 1911இல் நன்னீர்ப் பஞ்சுயிரிகள், ஹைட்ராக்கள் முதலியவற்றைத் தொகுத்தார். 1916இல் இந்திய விலங்கியல் அளவைத் துறை தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. இராணுவ மருத்துவரான பிரேசர் 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் தும்பிகள் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டார். தும்பி ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைப் புரட்டாமல் நகர்வதில்லை. ஆனால் அவருடைய திறவுகோல்கள் பெரும்பாலும் சிறகின் நரம்புகளையும் முதிர்ந்த பூச்சியின் உடலையும் கேட்கின்றன. வாய்க்காலில் வலை போட்டால் வருவதோ சிறகு முளைக்காத பருவம். இந்த இடைவெளியை அடைக்க முயன்ற நூல்களில் குறிப்பிடத்தக்கது, கே. ஏ. சுப்பிரமணியனும் கே. ஜி. சிவராமகிருஷ்ணனும் எழுதி 2007இல் பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம் வெளியிட்ட இந்திய நீர்ப்பூச்சிகள் கள வழிகாட்டி. கணினிக்கு வந்தபின் கவட்டைப் பாதையின் கட்டாயம் போயிற்று: குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான லூசிட் மென்பொருளில் எந்தக் கேள்வியிலிருந்தும் நுழையலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் அதன் கூட்டாளிகளும் கிழக்கு வட அமெரிக்க உயிர்களுக்காக உருவாக்கிய படத்தொகுப்பில், ஒரு காலின் மயிரைக்கூடப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அடையாள உறுப்பின் மேலேயே குறிப்பும் இருக்கும்.

அந்தத் தொகுப்பின் அழகில் மயங்குவது எளிது. ஆனால் இனங்காண்பதில் பிழை நேர்வது பெரும்பாலும் படம் மங்கலாக இருப்பதால் அல்ல, முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்பதால். ஊசித்தட்டானின் இளம்பருவத்துக்கு வால்நுனியில் மூன்று இலைகள் உண்டு. அவையே அதன் செவுள். முதிர்ந்தபின் ஓரிரு நாளே வாழும் மேஃபிளைக்கும் பெரும்பாலும் மூன்று வால்கள்தான், ஆனால் நூல்போன்றவை. செவுள் வயிற்றின் பக்கவாட்டில் இருக்கும். 'வால் எத்தனை?' என்று கேட்டால் இரண்டும் குழம்பும். 'வால் இலையா, நூலா?' என்று கேட்டால் பள்ளிப் பிள்ளையும் பிரித்துவிடும். குளிர்ந்த மலையோடையில் வாழும் ஸ்டோன்ஃபிளைக்கு மேலைநாட்டுக் கையேடுகள் முதல் பக்கம் தருகின்றன. பொங்கலூர்ச் சமவெளியில் அதற்குக் கடைசிப் பக்கம் போதும். படத்திலும் ஒரு விஷயம் உண்டு. சாராயத்தில் பாதுகாத்த உயிர் நிறம் இழந்துவிடும், ஹீமோகுளோபினால் சிவந்திருக்கும் ரத்தப்புழுகூட வெளிறிப்போகும். ஆகவே வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு, உயிரோடு எடுத்த படமே தேவை. அளவு காட்டப் பக்கத்தில் ஓர் அரிசி இருந்தால் மில்லிமீட்டர் கோட்டைவிடத் துல்லியம் குறையலாம், பயன் கூடும்.

எதுவரை இனங்காண வேண்டும் என்பதற்குக் குடும்பம்வரை என்பதே விடை. சிற்றினம்வரை போகாவிட்டால் அறிவியல் ஆகாது என்பார் உண்டு. இந்தியாவில் எத்தனையோ பூச்சிகளில் எந்த இளம்பருவம் எந்த முதிர்பூச்சியாகிறது என்றே இன்னும் இணைத்துப் பார்க்கவில்லை. இல்லாத தெளிவைத் திரையில் காட்டுவதைவிடக் குடும்பப் பெயரோடு நிற்பது நேர்மை. கைப்பேசிச் செயலி ஒரு படத்திலேயே பெயர் சொல்லிவிடுமே என்பது அடுத்த மறுப்பு. செயலி எதைப் பார்த்துப் பழகியதோ அதைத்தான் சொல்லும். அது பார்த்த படங்களில் பறக்கும் தும்பிகளே மிகுதி, சேற்றில் கிடக்கும் பருவம் குறைவு.

சிக்கல் பெயருக்குப் பிறகு வருகிறது. பிரிட்டனில் 1976இல் அமைந்த உயிரியல் கண்காணிப்புக் குழுவின் முறை, குடும்பத்துக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது: செம்புழுக்களுக்கு 1, ரத்தப்புழுக் குடும்பத்துக்கு 2, ஓடும் தெளிநீரில் வாழும் சில மேஃபிளைகளுக்கு 10. தும்பிகளின் லிபெலுலிடே குடும்பத்துக்கு 8. இங்கே அதே குடும்பத்துப் பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா சாக்கடையோரத்தில் கூட்டமாகத் திரிகிறது! மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் யமுனை அனுபவத்தைக் கொண்டு, நீலம் முதல் சிவப்பு வரை ஐந்து வகுப்புகளாக ஓர் இந்திய அளவுகோலை வகுத்திருக்கிறதே என்று கேட்கலாம். அதுவும் அடிப்படையில் மலக்கழிவு போன்ற அழுகும் பொருளையே அளக்கிறது. நொய்யல் கரையில் உள்ள திருப்பூரின் கதை வேறு. பருத்தி பனியன் துணியில் சாயம் ஏற உப்போ சோடியம் சல்பேட்டோ ஏராளமாக வேண்டும். சாயக்கழிவின் மிச்சம் அழுகுவதில்லை, கரைந்தே கிடக்கிறது. நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் போனதற்கும், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கும் அந்த உப்பே பெருங்காரணம். உப்பைத் தாங்கும் நீர்ப்பூச்சிகளுக்கு இரவல் பட்டியலில் நல்ல மதிப்பெண் இருக்கலாம். அந்த எண்ணைக் காட்டினால் கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும். எனவே கையேடு பெயரோடு நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் கரைந்த உப்பின் அளவை, இங்கே எல்லோரும் சொல்லும் டி.டி.எஸ்.ஸை, எழுத ஓர் இடம் விட வேண்டும்.

பொங்கலூரில் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: தண்ணீர் எப்போது வந்தது? பி.ஏ.பி. ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்து நீர் பெறுகிறது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வாய்க்காலில் நீர் வந்த மூன்றாம் நாள் மேஃபிளை இல்லை என்றால் அது மாசுக்குச் சான்று ஆகாது. முட்டையிட்டு வளர நாள் போதவில்லை, அவ்வளவே. ஆற்றையொட்டி வளர்ந்த அயல்நாட்டுக் கையேடுகளில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. உள்ளூர்ப் படங்களின் தற்போதைய நிலைமை: திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளுக்காகவே அது பெயர்பெற்றது. அப்பறவைகள் தின்னும் புழுப் பூச்சிகளின் படங்கள் இணையத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன.