விமானப் பட்டத்துக்கு ஏன் சிவப்பு?

போன வருடம் நாங்கள் கட்டிய பட்டம் நீலமும் வெள்ளையும். நிலத்தில் வைத்துப் பார்க்க நல்ல வடிவு. நூல் முந்நூறு அடியைத் தாண்டியதும் ஆளைக் காணேல்லை. நூல் இழுக்குது, விண் கூவுது, பட்டம் எங்கை எண்டு மட்டும் தெரியேல்லை.

இந்த முறை வல்வெட்டித்துறைப் பொங்கல் பட்டப் போட்டிக்கு விமான வடிவில் ஒன்று கட்டுவம் எண்டு தொடங்கினோம். மூங்கில் சீவி முச்சை கட்டும் வரைக்கும் சண்டை இல்லை. நிறத்தில்தான் வந்தது. நிஜ விமானம் மாதிரி சாம்பல் நிறமே சரி என்று எங்களில் பாதிப்பேர் நின்றோம். யாருடைய வீட்டு விறாந்தையில் இருந்து கட்டினோமோ அந்த வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "உந்த நிறம் வேண்டாம் பிள்ளையள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா.

முதலில் கண்ணின் கணக்கைப் பார்ப்போம். தை மாதத்து வாடை வடகிழக்கிலிருந்து வீசும். வல்வெட்டித்துறை வடகரை. ஆகவே கரையில் நின்று ஏற்றும் பட்டம் கடல் பக்கம் போகாது, தென்மேற்கே ஊருக்கு மேலே போகும். பின்னேரச் சூரியனும் அந்தப் பக்கம்தான். வெளிச்சம் பட்டத்துக்குப் பின்னால் நிற்பதால், தடித்த தாளில் என்ன சாயம் பூசினாலும் கீழே நிற்பவருக்கு அது கறுப்பு நிழல். மெல்லிய ரிசுப் பேப்பர் மட்டும் வெளிச்சத்தை உள்ளே விட்டு நிறத்தைக் காட்டும். அதிலும் தூரம் போய்ச் சிறுத்துவிட்டால் மஞ்சள் வெள்ளைபோலவும் நீலம் சாம்பல்போலவும் மங்கிவிடும். சிவப்பு கனநேரம் தாக்குப்பிடிக்கும். மாதிரி விமானம் ஓட்டுகிறவர்கள் மேலே ஒரு நிறமும் கீழே வேறு நிறமும் அடிப்பது, அது எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று அறிய. எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. பட்டத்தின் வயிறு மட்டும்தானே தெரியப்போகுது.

போர் விமானத்துக்குக் கணக்கு தலைகீழ். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பலாலியில் ஓடுபாதை போட்டார்கள். அந்தப் போரில்தான் கடல் ரோந்து விமானங்களின் வயிற்றுக்கு வெள்ளை பூசும் வழக்கம் அவர்களிடம் பரவியது. இரவுக் குண்டுவீச்சு விமானங்களின் கறுப்பு, பகல் வானத்தில் எதிரியின் நீர்மூழ்கிக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். சிவப்புக்கும் இங்கே ஒரு கதை உண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. அவற்றின் அடையாளம் சிவப்பு வட்டம். பிரித்தானிய வட்டத்தின் நடுவிலும் சிவப்புப் பொட்டு. தங்கள் ஆட்களே மாறிச் சுட்டுவிடுவார்கள் என்று இந்தப் பிராந்தியத்தில் அந்தப் பொட்டை அழித்தார்கள்.

எங்கள் அம்மா அப்பாவின் காலத்தில் விமானத்தின் நிறத்தை ஆர் பார்த்தது? சத்தத்திலேயே சகடையா, பொம்பரா, ஹெலியா எண்டு பிரிச்சுச் சொல்லுவினம், சொல்லிக்கொண்டே பங்கருக்குள்ள ஓடுவினம். நிறம் தேவைப்பட்டது மேலே இருப்பவனுக்குக் காட்டத்தான். ஆஸ்பத்திரிக் கூரைகளில் சிவப்புச் சிலுவை வரைந்தார்கள். 1995 யூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்தபோது அங்கே ஒதுங்கியிருந்தவர்கள் இடம்பெயர்ந்த சனம். பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராத காலம் அது. இப்போது இரவுப் பட்டங்களில் நிறநிறமாய் மின்னும் லைற்றுகளை அந்த நினைப்போடு பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

சாம்பல் வேண்டாம் என்ற அம்மாவிடம் காரணம் கேட்கவில்லை. கண்ணின் கணக்கும் அவ பக்கம்தான் நின்றது. வயிறு முழுக்கச் சிவப்பு ரிசு ஒட்டினோம், செட்டை நுனிகளுக்குக் கறுப்பு. பசை காய்ந்துவிட்டது. நாளைக்குப் பின்னேரம் காத்து விழாட்டி ஒருக்கா ஏத்திப் பாக்கலாம்.