மரக்கறியும் மாசியும்: கல்முனைக் கரையோர உணவு மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கல்வெட்டுகளும் ஏடுகளும் மட்டுமன்றி அதன் அடுக்களையும் பேணி வைத்திருக்கின்றது. நாள்தோறும் சமைத்துண்ணப்படும் உணவில் நிலத்தின் விளைவும் கடல்வழி வணிகமும் சமயநெறியும் ஒருங்கே கலந்துள்ளன. ஊனை மட்டுமன்றிப் பால், தயிர், நெய், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கிய வழிப்போக்கர் ஒருவர் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் எதனை உண்ணலாம் என்னும் வினாவை எழுப்பின், இக்கலப்பின் வரலாறு தெளிவாகப் புலப்படும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்கள் ஒருபுறம் கடலையும் மறுபுறம் வயலையும் எல்லையாகக் கொண்டவை. 1626இல் போர்த்துக்கீசரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் சுமார் 4,000 பேரைக் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என வரலாற்றாசிரியர் கூறுவர். அதற்கு முன்னரே இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். கடலோடிகளின் வழிவந்தோர் காலப்போக்கில் உழவராயினர். 1949இல் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்று நீர்ப்பாசனத்தை விரித்து, இவ்வுழவுத் தொழிலை மேலும் பெருக்கியது. ஆகவே இங்கு உணவின் அடித்தளம் அரிசியே. பிட்டு, இடியப்பம், ஆப்பம், கஞ்சி யாவும் அரிசியும் தேங்காயும் இணைந்து பிறந்தவை. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி ஆகியனவும் பலாக்காயும் பருப்பும் அவற்றுக்குத் துணையாகும்.

இலைக்கறியும் சோறுமாக உண்ணும் வழக்கம் இத்தீவிற்குப் புதியதன்று. 1660இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற றொபட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலிற் கண்டி நாட்டாரின் உணவை விரித்துரைத்தார். சோறும் உப்பும், சில பச்சிலைகளும், எலுமிச்சைச் சாறும் மிளகும் கிடைப்பின் அதனையே நல்லுணவாக அவர்கள் கொண்டனர் என்பது அவர் தரும் செய்தி. பலாக்காய்க்குப் பருவந்தோறும் வெவ்வேறு பெயர் வழங்கியதையும் அவர் குறித்துள்ளார். இங்கு ஊன் குறைந்தமைக்குக் கொள்கையினும் வாழ்க்கை நிலையே பெரிதும் காரணமாயிற்று. கல்முனைக் கரையின் உழவர் வீடுகளிலும் இறைச்சி பெருநாளுக்கும் திருமணத்துக்கும் உரிய சிறப்புணவாகவே நெடுங்காலம் இருந்தது.

எனினும் வழிப்போக்கர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இறைச்சியில் இல்லை. அது மாசியில் உள்ளது. இறைச்சி கண்ணுக்குத் தெரியும். மாசியோ தேங்காய்ச் சம்பலிலும் கீரைச் சுண்டலிலும் பொடியாகி மறைந்துவிடும். இது மாலைதீவினின்று வந்த பொருள். 1343இல் அத்தீவுகளை அடைந்த இபுனு பதூதா, அங்கு உலர்த்தப்பெறும் மீன் இந்தியா, சீனம், யெமன் ஆகிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். மீனைக் குறிக்கும் மாலைதீவுச் சொல்லான ‘மஸ்’ என்பதோடு ‘மாசி’ தொடர்புடையது. எனவே இலைக்கறி என்று கருதி உண்ணும் ஒரு பிடியில் இந்துமாகடல் வணிகத்தின் பல நூற்றாண்டுச் சுவடு அடங்கியிருக்கின்றது.

இதற்கு இணையான நிலையைத் தாய்லாந்திற் காணலாம். அங்கு ‘நாம் பிளா’ எனும் மீன்சாறும் ‘கபி’ எனும் இறால் விழுதும் மரக்கறிப் பண்டங்களிலும் சுவையூட்டிகளாகக் கலக்கின்றன. பச்சைப் பப்பாளியை இடித்துச் செய்யும் ‘சோம் தாம்’ இதற்குத் தக்க சான்று. அந்நாட்டார் ஊன் விலக்கலுக்கு இரு சொற்களை வழங்குவர். ‘மங்சவிரத்’ என்பது மாம்சம், விரதி என்னும் வடசொற்களின் சேர்க்கை. அது பாலையும் முட்டையையும் தடுப்பதில்லை. ‘சே’ என்பது சீனர் வழிவந்தது. அது விலங்குசார் பொருள் யாவற்றையும், அவற்றோடு வெங்காயம், உள்ளி முதலியவற்றையும் விலக்கும். பூக்கெட்டுத் தீவில் ஆண்டுதோறும் ஒன்பது நாள் நிகழும் சே விழா பெயர்பெற்றது. ஆகவே அங்குச் செல்லும் வழிப்போக்கர் எச்சொல்லைச் சொல்கின்றார் என்பதைப் பொறுத்தே அவர்தம் உணவு அமைகின்றது.

கல்முனைக் கரையில் வழங்கும் ‘சைவச் சாப்பாடு’ என்னும் சொல் மங்சவிரத்துக்கு நெருங்கியது. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் வெள்ளிக்கிழமையிலும் கோயில் விழாக் காலத்திலும் மீனை விலக்கும் தமிழர், தயிரை விலக்குவதில்லை. முஸ்லிம்களின் உணவுநெறியோ ஹலால், ஹராம் என்னும் பாகுபாட்டின் வழிச் செல்வது. நஞ்சும் போதையும் இல்லாத தாவர உணவு யாவும் அதில் ஆகுமானவையே. ஆதலால் மரக்கறி மட்டும் கேட்கும் விருந்தினரை மறுக்கச் சமயத்தில் தடை யாதுமில்லை; விருந்துக்கு இறைச்சியே பெருமை எனும் வழக்கமே தயக்கத்தை விளைவிக்கின்றது. பிட்டும் மாசியிடாத சம்பலும், தேங்காய்ப்பாற் சொதியும், அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியன கொண்டு கிண்டப்பெறும் தொதலும் அவ்விருந்தினருக்கு முழுமையாகப் பொருந்துவன. தொதல், மலாய் உலகின் ‘டொடொல்’ என்பதன் உறவினம். சம்பலின் மிளகாயும், மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தினின்று ஐரோப்பியர் வாயிலாகக் கீழைநாடுகளை அடைந்தவை. தாய்லாந்தின் காரமும் அவ்வழி வந்ததே. தொன்மையானவை எனக் கருதப்படும் சுவைகள் பல இவ்வாறு கடல்கடந்து வந்தமை குறிப்பிடத்தக்கது.

உணவுவழி உறவும் இக்கரைக்குப் புதியதன்று. 1344இல் பாவா ஆதம் மலைக்குச் சென்ற இபுனு பதூதாவுக்கு ஆரியச் சக்கரவர்த்தி அளித்த துணைவருள் நான்கு யோகியரும் மூன்று பிராமணரும் இருந்தனர். யோகியருட் பெரும்பாலோர் ஊனுண்ணாதார் என்பதையும் அப்பயணியே பிறிதோரிடத்திற் குறித்துள்ளார். வேறுபட்ட உணவுநெறியினர் ஒரே வழியிற் செல்லுதல் அன்று இயல்பாயிருந்தது. கிழக்கிலோ தாய்வழிக் குடிமுறையைத் தமிழரும் முஸ்லிம்களும் பொதுவிற் பேணி, அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து வந்தனர். 1985 முதல் மூண்ட பூசல்கள் இவ்வயலுறவை முறித்தன. ஒருவர் வீட்டில் மற்றவர் உண்ணும் வாய்ப்பும் அவற்றோடு அருகியது. விருந்தினரின் விலக்கறிந்து சமைத்த பக்குவமும் முதியோர் நினைவிலேயே பெரிதும் எஞ்சியுள்ளது.

கீரைகளின் பெயரும், மாசியின்றிச் சுவை கூட்டும் முறையும், கஞ்சிவகைகளும் எழுத்தில் ஏறவேண்டியவை. ஒலுவிலில் 1996இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஏனைய பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் இப்பணியைத் தம்முடையதாகக் கொள்ளலாம். இரு சமூகத்து முதிய பெண்டிரிடமிருந்தும் அவற்றைக் கேட்டுத் தொகுத்தல், உணவு வரலாற்றுக்கு மட்டுமன்றி, முறிந்த அயலுறவை மீண்டும் அறிவதற்கும் உறுதுணையாகும்.