கடமானும் ஜப்பான் மானும்

ஆங்கிலத்தில் 'சிகா டியர்' என்று ஒரு மான் உண்டு. ஜப்பானில் நாரா நகரப் பூங்காவில் ஆட்கள் கையிலிருந்து பிஸ்கட் வாங்கித் தின்னுமே, அதேதான். 1838-ல் தெம்மிங்க் என்ற டச்சுக்காரர் இதற்கு 'செர்வஸ் நிப்பான்' என்று அறிவியல் பெயர் வைத்தார். 'ஷிகா' என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் பொருளே மான்தான். ஆக, சிகா டியர் என்றால் 'மான் மான்'. நாம 'நடுசென்டர்' என்கிறோமே, அந்தக் கதை. சொந்த ஊரில் எல்லா மானுக்கும் பொதுவான சொல், கடல் தாண்டியதும் ஒரே ஒரு இனத்தின் பெயராகிவிட்டது.

இதற்கும் பழனி மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கொடைக்கானல் காடுகளில் திரியும் கடமானுக்கும் இதேதான் நடந்திருக்கிறது. அதன் அறிவியல் பெயர் 'ரூசா யூனிகலர்'. மலாய் மொழியில் 'ரூசா' என்றால் மான். யூனிகலர் என்றால் ஒரே நிறம். உடம்பில் புள்ளி இல்லாத மானுக்குப் பொருத்தமான பெயர்தான், ஆனால் அதில் தமிழ் இல்லை.

வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் இதை 'எல்க்' என்றார்கள். இலங்கை மலைகளில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 1854-ல் வெளியிட்ட புத்தகம் முழுக்க எல்க்தான். ஊட்டியில் இன்றும் எல்க் ஹில் இருக்கிறது. ஐரோப்பாவில் எல்க் என்பது ஒரு விலங்கு, அமெரிக்காவில் வேறொன்று. இரண்டுமே இந்தியாவில் கிடையாது. இப்போது பத்திரிகைகளில் வடக்கிலிருந்து வந்த 'சாம்பார் மான்' ஓடுகிறது. படித்தால் குழம்பு ஞாபகம்தான் வருகிறது!

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டுவதற்கு முன்பிருந்தே இந்த மலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டு வருகிறது. எந்த விலங்கு முன்பு எங்கெல்லாம் இருந்தது என்று தேடுகிறவர்களுக்குப் பழைய குறிப்புகள்தான் சாட்சி. தென்னிந்தியக் குறிப்புகளில் வரும் 'பைசன்' நம் காட்டுமாடு, 'ஐபெக்ஸ்' வரையாடு, 'எல்க்' கடமான். இவற்றை அப்படியே தமிழில் எழுதிவிட்டால், இந்த மலையில் கால் வைக்காத மூன்று விலங்குகள் வரலாற்றுக்குள் நுழைந்துவிடும். உண்மையில் இருந்த மூன்றும் காணாமல் போய்விடும். 2013-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டுக்கு இது சின்ன நஷ்டமில்லை.

தமிழில் பெயருக்குப் பஞ்சமும் இல்லை. நமக்குக் கடமான், கன்னடத்தில் கடவெ. தெற்கே போனால் மிளா, மலையாளத்தில் ம்லாவு. இலங்கைத் தமிழர்களுக்கு மரை. சங்கப் பாடல்களிலும் மரை என்ற சொல் உண்டு. ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் விலங்கு ஒன்றுதான் என்று தெரிந்திருந்தால் குழப்பம் வராது.

அதனால் பழைய ஆங்கிலக் குறிப்பை எடுத்தாளும்போது நான் கடமான் என்று முதலில் எழுதி, மூலத்தில் 'எல்க்' என்று இருப்பதையும் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் இருந்தால்தான் பின்னால் வருகிறவர் சரிபார்க்க முடியும்.